நாலரை முதல் ஐந்து வரை

நான் குடியிருந்த மாடிக்குக் கீழ்வீட்டில் ஒரு சலவை ஆலைத் தொழிலாளி இருந்தார். தெருவில் எல்லோரும் அவரைப் 'பாதிவழி' என்றுதான் சொல்வார்கள். காலையில் வேலைக்குக் கிளம்பினால் ரொட்டிக்கடை வரை போவார். அங்கே ஒரு நிமிஷம் நிற்பார். திரும்பி வந்து அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பார். மறுபடி கிளம்பினால் தபால்பெட்டி வரை. பூட்டை இழுத்துப் பார்க்க ஒரு தடவை வருவார். மூன்றாவது நடையில்தான் ஆலைக்குப் போய்ச் சேர்வார். ரொட்டிக்கடைக்காரர் முதல் இரண்டு நடைக்கும் தலை நிமிர மாட்டார். "எப்படியும் திரும்பத்தானே போறாரு, கடைசியா மொத்தமா ஒரு வணக்கம் போட்டுக்கலாம்" என்பார்.

அந்த ஊரில் வருஷத்தில் பாதி நாள் மூடுபனிதான். விரிகுடாத் தண்ணீரிலிருந்து எழுந்து, படகுத்துறைப் படிகளில் ஏறி, தெருக்களுக்குள் நிதானமாக நடந்து வரும். கதவைத் திறந்தால் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிடும். வீடுகளின் கீழ்ப்பாதி கரைந்துபோய் மாடி ஜன்னல்கள் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். தெருவில் முதலில் குரல் வரும், பிறகுதான் ஆள் வருவார். நான் அங்கே வானிலை நிலையத்தில் வேலை பார்த்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பம், காற்று, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று குறித்து அனுப்ப வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்று எழுதுவதுதான் பெரும்பாலும் என் உத்தியோகம்.

கீழ்வீட்டுக்காரருக்கு அதனாலேயே என்மேல் தனி மரியாதை. மாடிப்படியில் என் காலடி கேட்டதும் கதவைத் திறந்துவிடுவார்.

"தம்பி, நாளைக்கு எப்படி?"

"பனி இருக்கலாம்ணே."

"இருக்கலாமா, இருக்குமா?"

"இருக்கலாம்."

"அவ்வளவு மிஷின் வெச்சிருக்கீங்க. ஒரு வார்த்தை அடிச்சுச் சொல்ல முடியலையா?"

"சொல்லலாம்ணே. தப்பாப் போகும்."

அவர் வருத்தத்துடன் தலையாட்டிக்கொண்டு உள்ளே போவார். உலகத்தில் யாரோ ஒருவருக்கு நாளை நடப்பது நிச்சயமாகத் தெரியும், தனக்கு மட்டும் சொல்ல மறுக்கிறார்கள் என்பது போல இருக்கும் அந்தப் போக்கு.

ஒருமுறை என் கம்பளிப் போர்வையை வெளுக்கக் கொடுக்க ஆலைக்குப் போயிருந்தேன். வெளியே பனி, உள்ளே நீராவி. வாசலைத் தாண்டியது எந்த இடத்தில் என்றே தெரியவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகளும் விடுதிகளின் மேஜைத் துணிகளும் பெரிய இரும்புத் தொட்டிகளில் சுழன்று, பிழியப்பட்டு, ஈரக் குவியலாகத் தள்ளுவண்டியில் வரும். சூடான ராட்சத உருளை ஒன்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பை அதற்குள் விடுவார்கள். மறுபக்கம் அது காய்ந்து, சூடாக, மொடமொடவென்று வெளியே வரும். அதை வாங்கி மடிக்கிற இருவரில் ஒருவர் இவர். எதிரே ஒரு பெரிய உருவத்துப் பெண்மணி. இருவரும் ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, கைகள் தொட்டு, விலகி, மறுபடி நெருங்குவார்கள். பேச்சே கிடையாது. வெள்ளைப் புகைக்குள் அவர்களைப் பார்த்தால் ஏதோ தூக்கத்தில் நடக்கிறவர்கள் மாதிரி இருந்தது.

"பத்தொன்பது வருஷமா மடிக்கிறேன். கை தானா மடிக்கும் தம்பி" என்றார் வெளியே வந்தபோது. "மனசு சும்மா இருக்குமா? அது ஒரு பக்கம் பிரிச்சுக்கிட்டே இருக்கும்."

அவர் மனைவி படகுத்துறையில் பயணச்சீட்டு கொடுப்பவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். நாள் முழுவதும் கண்ணாடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பேசிப் பேசி, வீட்டிலும் கொஞ்சம் குனிந்து, நறுக்கென்று பேசுவார். ஒரே மகள். பெயர் என்னவோ, வீட்டில் எல்லோருக்கும் வாலு. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஏறக்கூடாத இடத்திலெல்லாம் ஏறியவள். இருபத்திரண்டு வயதில், விரிகுடாவைக் கடக்கும் பயணப் படகில் கயிறு கட்டுகிற வேலையில் இருந்தாள். அக்கரைக்கு நாற்பது நிமிஷம். ஒரு நாளைக்கு நாலு நடை.

அந்த வருஷம் அவளைச் சுக்கான் பிடிக்கும் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதம் தலைமைப் படகோட்டியின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டால், அதற்குப் பிறகு படகை அவளே ஓட்டலாம். செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மேஜையில் சூப்பும் ரொட்டியும் இருந்தன.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார் அப்பா. ஒரு வாய் சூப் குடித்தார். "ஆமா, அந்தப் படகு எவ்வளவு பழசு?"

"என்னைவிட நாலு வயசு சின்னதுப்பா."

"பனியில எப்படி ஓட்டுவாங்க?"

"மெதுவா ஓட்டுவாங்க."

"எதிர்ல கப்பல் வந்தா?"

"சங்கு ஊதுவாங்க. ரேடார் இருக்கு. கூட ஆள் இருக்கும்."

"ரேடார் கெட்டுப்போச்சுன்னா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "கெட்டுப்போச்சுன்னா உங்களைக் கூப்பிட்டுக் கேட்பாங்க. சூப் ஆறுது, குடிங்க."

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் மேஜைக்கு அடியில் அவர் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்ததில் தட்டுகள் மெல்லக் கிலுகிலுத்தன.

பயிற்சி ஆரம்பித்து நான்காவது மாதம் ஒரு வியாழக்கிழமை, மதியப் படகு வரவில்லை. அன்று நான் குறித்தது நினைவிருக்கிறது. அறுபது மீட்டருக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணிக்கு வரவேண்டிய படகு இரண்டு மணிக்கும் வரவில்லை. ஆலையில் யாரோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்கள். இவர் கையிலிருந்த விரிப்பை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். அது உருளையில் சிக்கிக் கருகி, ஆலை முழுக்கத் தீய்ந்த வாசனை.

வெறும் பனியன், அதுவும் வேர்வையில் நனைந்தது. அந்தக் கோலத்தில் துறையின் கடைசிப் படியில் போய் நின்றார். சீட்டு கொடுக்கும் கூண்டிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, ஒரு சால்வையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, கூண்டுக்குத் திரும்பிப் போனார். மூன்றரைக்குப் பனிக்குள் ஒரு மங்கலான மஞ்சள் விளக்கு தெரிந்தது. மேலே மிதப்பது போல வந்து, மெதுவாகப் படகாக மாறியது. பாதி வழியில் நங்கூரம் போட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். வழக்கமாகச் செய்வதுதான். வாலு தலை நனைந்து, கன்னம் சிவந்து, யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். அப்பாவைப் பார்த்தாள்.

"என்னப்பா பனியனோட நிக்கிறீங்க?"

"சும்மாதான்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை, யாருக்கும் சொல்லாமல், அவர் படகுத்துறை மேலாளரின் அறைக்குப் போனார். தன் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே திடீர் திடீரென்று தலைசுற்றல் வரும், வீட்டில் மறைத்துவிட்டோம், மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன் என்றார். அப்படி எதுவும் அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

வாலுவைச் சுக்கானிலிருந்து எடுத்துவிட்டார்கள். மருத்துவக் குழு பார்த்துச் சான்று தரும்வரை படகிலேயே ஏறக்கூடாது என்று உத்தரவு. பயணிகள் கூடத்தில் பெஞ்சு துடைக்கிற வேலை கொடுத்தார்கள். யார் என்ன சொல்லிவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் ஈரத்துணியோடு அந்தக் கூடத்தில் நடந்தாள். ஒவ்வொரு நடையும் படகு கிளம்பும்போது துணியைப் பிழிந்தபடி ஜன்னலோரம் நிற்பாள். வீட்டில் அவள் அப்பா அந்த மூன்று வாரமும் நன்றாகத் தூங்கினார். நானே கவனித்தேன், காலையில் அடுப்பைப் பார்க்க ஒரு தடவைதான் திரும்பி வந்தார்.

விஷயம் வெளிவந்தது அக்காவின் கண்ணாடி ஓட்டை வழியாகத்தான். மேலாளர் ஒருநாள் குனிந்து நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார்: "உங்க வீட்டுக்காரர் வந்து சொன்னது நல்லதாப் போச்சும்மா. எல்லாரும் சொல்ல மாட்டாங்க."

அன்று சனிக்கிழமை மதியம். நான் படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே கதவு திறந்தே இருந்தது. எழுந்து போயிருக்கலாம், போகவில்லை.

"நீங்களா போய்ச் சொன்னீங்க?" இது வாலு.

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"அப்பா, உங்களைத்தான் கேக்குறேன்."

"உன் நல்லதுக்குத்தான்மா."

"எனக்கு எப்பப்பா தலைசுத்துச்சு? ஒரு நாள் சொல்லுங்க. ஒரே ஒரு நாள்."

"சுத்தல. ஆனா சுத்திடுச்சுன்னா?"

யாரோ குழாயை இறுக்கி மூடினார்கள்.

"சின்ன வயசுல நான் மரத்துல ஏறினா கீழே கையை விரிச்சுக்கிட்டு நிப்பீங்க" என்றாள் வாலு. குரல் உயரவே இல்லை. "எனக்கு அது பிடிக்கும். நெஜமாவே பிடிக்கும். இப்போ நீங்க கீழே நிக்கலப்பா. மரத்தை வெட்டிட்டீங்க."

"உனக்குப் புரியாது. அன்னிக்கு அந்தப் படியில நின்னேன் பாரு, அந்த ஒன்றரை மணி நேரம்..."

"அது உங்க ஒன்றரை மணி நேரம். அதுக்கு நான் ஏன் பெஞ்சு துடைக்கணும்?"

அன்று சாயங்காலமே அவள் ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு, கூட வேலை பார்க்கும் பெண்ணின் அறைக்குப் போய்விட்டாள். துறைக்கு மேலே, நாலு தெரு தள்ளித்தான். ஆனாலும் அந்த வீட்டில் ஏதோ ஒரு நாற்காலி குறைந்துபோன மாதிரி இருந்தது. அக்கா வழக்கம்போல வேலைக்குப் போனார், வந்தார், சமைத்தார். இரண்டு நாள் கழித்து, ரொட்டியை வெட்டிக்கொண்டே புருஷனிடம் சொன்னார்:

"இருபத்தி நாலு வருஷம் உங்களோட இருந்துட்டேன், இன்னும் இருப்பேன். ஆனா உங்க கவலையோட குடித்தனம் பண்ண என்னால ஆகாது. ஆஸ்பத்திரில அதுக்குன்னு டாக்டர் இருக்காங்களாம். வியாழக்கிழமை போறீங்க."

"எனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியம்னா பரவாயில்லையே, ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் சும்மா இருக்கும். வியாழக்கிழமை பத்து மணி."

போய்விட்டு வந்தவர் நேரே வீட்டுக்குள் போகாமல் மாடிப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஒரு சின்ன நோட்டு.

"டாக்டருக்கு என் பொண்ணு வயசுதான் இருக்கும் தம்பி. சின்ன வயசுல பெருசா ஏதாவது கெட்டது நடந்துச்சான்னு கேட்டுச்சு. ஒண்ணும் நடக்கலன்னேன். அப்புறம் ஏன் இவ்வளவு கவலைன்னு கேட்டுச்சு. சட்டுனு வாய்ல வந்துடுச்சு, 'நான் கவலைப்பட்டதாலதான் ஒண்ணும் நடக்கல'ன்னு."

அவர் என்னைப் பார்த்தார்.

"சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. ஐம்பத்தோரு வயசு ஆச்சு. இத்தனை நாளும் வீட்டை, பொண்ணை, ஊரை எல்லாம் நான்தான் கவலைப்பட்டுத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்னு நெனச்சிருக்கேன். ஒரு நாள் கையை எடுத்தா இடிஞ்சு விழுந்துடும்னு."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"அந்தப் பொண்ணு சிரிக்கல. நாள் பூரா கவலைப்பட வேண்டாம், அதுக்குன்னு அரை மணி நேரம் ஒதுக்குங்கன்னுச்சு. நடுவுல வந்தா இந்த நோட்டுல ஒரு வரி எழுதி வெச்சுட்டு வேலையைப் பாருங்க. அந்த நேரம் வரும்போது உக்காந்து ஒழுங்கா கவலைப்படுங்க. இன்னிக்கே கையால செய்யக்கூடியது ஏதாவது இருந்தா செய்யுங்க. இல்லாததை, தெரியாதுன்னு அப்படியே விட்டுட்டு எழுந்திருங்க. அப்புறம், பூட்டைப் பாக்கத் திரும்பக் கூடாதாம். வயித்தைப் பிசையும், பிசையட்டும், தானா ஏறும், தானா இறங்கும், நின்னு பாருங்கன்னுச்சு."

"நல்லாத்தானேண்ணே இருக்கு."

"கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வேலை நாலேகாலுக்கு முடியும். ஆலைக்குப் பின்னால், நீராவிக் குழாய் வெளியே வரும் சுவரோரம் ஒரு பெஞ்சு உண்டு. சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். நாலரை முதல் ஐந்து வரை அங்கே உட்கார்ந்து கவலைப்படுவது என்று முடிவு செய்தார். முதல் வாரம் பெரும் பாடு. காலையில் ரொட்டிக்கடை முன்னால் திரும்பாமல் நிற்கிறேன் பேர்வழி என்று கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, கடைக்காரர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட வேண்டியதாயிற்று. நோட்டு நாலே நாளில் பாதி நிரம்பிவிட்டது. உருளைக்குப் பக்கத்தில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, விரிப்புக்கும் விரிப்புக்கும் நடுவே எழுதுவார். எதிரே மடிக்கும் பெண்மணி, "கொஞ்சம் மெதுவா கவலைப்படுங்கண்ணே, என்னால ஈடு குடுக்க முடியல" என்றாராம்.

இரண்டாம் வாரம் வேறொரு புகாரோடு வந்தார்.

"தம்பி, அங்க போய் உக்காந்தா ஒண்ணுமே வரமாட்டேங்குது. காலைல எழுதினதைப் படிச்சா யாரோ எழுதின மாதிரி இருக்கு. கவலைப்பட வேண்டிய நேரத்துல கவலை வரலைன்னா என்ன அர்த்தம்? எனக்கு அதான் இப்போ கவலையா இருக்கு."

"அதை நோட்டுல எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

ஆனால் ஒரு வரி மட்டும் அப்படிக் கரையவில்லை. ஒருநாள் நான் நிலையத்திலிருந்து திரும்பும்போது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நீராவி அவரைச் சுற்றி எழுந்து, பனியோடு சேர்ந்து, எது எதென்று தெரியாமல் போயிற்று. கிட்டே போனதும் நோட்டை நீட்டினார். 'வாலு' என்று மட்டும் எழுதியிருந்தது.

"மத்தது எல்லாம் நடக்காத விஷயம். இது மட்டும்தான் நடந்திருக்கு. இதையும் நான்தான் நடத்தியிருக்கேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கையால செய்யக்கூடியது இருந்தா இன்னிக்கே செய்யச் சொல்லிச்சு டாக்டர் பொண்ணு" என்றார். "இருக்கு. பதினஞ்சு நாளா இருக்கு. துறை வரைக்கும் கூட வர்றீங்களா? உள்ள வர வேண்டாம்."

போனோம். மேலாளரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நான் வெளியே மரப்படியில் நின்றேன். உள்ளே அவர் குரல் முதலில் சன்னமாகவும் பிறகு தெளிவாகவும் கேட்டது.

"நான் சொன்னது பொய்ங்க. என் பொண்ணுக்கு எந்தத் தலைசுத்தலும் கிடையாது. பயத்துல சொல்லிட்டேன்."

நாற்காலி கிறீச்சிட்டது. மேலாளர் கோபக்காரர் அல்ல. அதனாலேயே அவர் கோபம் கனமாக இருந்தது.

"என்னய்யா மனுஷன் நீங்க? அந்தப் பொண்ணு கையில சுக்கான் எப்படி நிக்கும் தெரியுமா? தலைமைப் படகோட்டியே வந்து என்கிட்ட சொன்னாரு, இப்படி ஒரு கை பார்த்து ரொம்ப நாளாச்சுன்னு. அதைப் போய்..." பெருமூச்சு விட்டார். "இப்போ நீங்க இல்லன்னாலும் நான் அப்படியே விட முடியாது. காகிதம் மேலே போயாச்சு. மருத்துவக் குழு பாத்துத்தான் ஆகணும். ஒன்றரை மாசம் ஆகும்."

"நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேங்க. பொய் சொன்னேன்னு."

"எழுதிக் குடுங்க. ஆனா ஒன்றரை மாசம் ஒன்றரை மாசம்தான்."

வெளியே வந்தவர் பயணிகள் கூடத்துக்கு நடந்தார். கூட்டம் இல்லை. வாலு கடைசி வரிசை பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அவர் அவள் எதிரில் போய் நின்றார். பக்கத்து வாளியிலிருந்து இன்னொரு துணியை எடுத்துப் பிழிந்தார். பெஞ்சின் மறுமுனையிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். இருவரும் நடுவில் வந்து நின்றபோது சொன்னார்:

"மேலாளர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். ஆனாலும் ஒன்றரை மாசம் ஆகுமாம். அதை என்னால திருப்ப முடியல."

அவள் துணியை வாளியில் நனைத்தாள்.

"உன்னைப் பத்திப் பயப்படுறது எனக்கு நிக்காதும்மா. நிக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே அது என் வேலை. உன் தலையில கட்ட மாட்டேன்."

"கட்டினா?"

"உங்க அம்மா என்னை வீட்டைவிட்டுத் துரத்திடுவா."

அவள் உதடு லேசாக வளைந்தது. அது சிரிப்பு என்று சொல்ல முடியாது. "அடுத்த பெஞ்சு" என்றாள். அவர்கள் அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள்.

அந்த ஒன்றரை மாதத்தில் பெரிய அதிசயம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. சில நாள் அவர் பழையபடி இரண்டு தடவையும் திரும்பினார். ஒருநாள் தலைக்கு மேல் போகும் குழாய் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் கொட்டியது. நானும் அவரும் பாத்திரம் பாத்திரமாக வைத்து ஓடினோம். எல்லாம் அடங்கிய பிறகு ஈர நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "அடுப்பு இருக்கு, பூட்டு இருக்கு, பாய்லர் இருக்கு, என் நெஞ்சுவலி இருக்கு. இந்தக் குழாய் மட்டும் எங்கேயுமே இல்ல தம்பி" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்த முடியாமல் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அங்க என்ன, ரெண்டு பேருக்கும்?" என்றார். சில சாயங்காலங்களில் அக்காவும் வேலை முடிந்து ஆலைக்குப் பின்னால் வந்து, வெதுவெதுப்பான சுவரில் சாய்ந்துகொள்வார். ஐந்து மணி ஆனதும், "போதும், கடையைச் சாத்துங்க" என்பார். ஒரு நாள் மட்டும், "இன்னிக்கு எனக்கும் ஒண்ணு இருக்கு, அஞ்சு நிமிஷம் பொறுங்க" என்றாராம். என்ன என்று அவர் கேட்கவில்லை. இருவரும் ஐந்து நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மருத்துவக் குழு வாலுவைப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றது. விட்டுப்போன மாதங்களை முடித்தாள். இடையில் எப்போதோ ஒரு புதன்கிழமை பையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அக்கா ஒரு தட்டு கூடுதலாக வைத்தார்.

அவள் தனியாகச் சுக்கான் பிடிக்க வேண்டிய முதல் நாள் வந்தது. முந்தின நாள் மாலை நான் படியேறும்போது கீழ்வீட்டுக் கதவு திறந்தது. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். "நல்லாத் தூங்குங்க தம்பி" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

விடிந்தபோது ஊரே இல்லை. அப்படிப்பட்ட பனி. என் கையை நீட்டினால் விரல் நுனி மங்கியது. எட்டரைக்குப் படகு கிளம்பியதைச் சங்கு ஊதியதிலிருந்து தெரிந்துகொண்டேன். பிறகு விரிகுடா பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒன்பது மணிக்குக் குறித்தேன்: நாற்பது மீட்டர். ஒன்பதரைக்குத் துறைக்குத் தொலைபேசியில் கேட்டுவிடலாமா என்று எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். அந்த மனிதர் இத்தனை வருஷம் வாழ்ந்தது எப்படியிருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. பன்னிரண்டு மணிக் குறிப்பை அனுப்பிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு சலவை ஆலைக்குப் போனேன்.

சாப்பாட்டு நேரம். எல்லோரும் போயிருந்தார்கள். உருளை நின்றிருந்தது. உலர்ந்த விரிப்புகள் மேஜைமேல் மலையாகக் கிடந்தன. அவர் மட்டும் ஒன்றை எடுத்து, தனி ஆளாக நெஞ்சில் அணைத்து மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது தெரிஞ்சுதா?" என்றார்.

"இல்லண்ணே. கேட்டுப் பார்க்கட்டுமா?"

அவர் விரிப்பை நெஞ்சிலிருந்து இறக்கினார். பனி ஜன்னல் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தது.

"வேண்டாம். கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா நான் என்ன செய்யப்போறேன்? தண்ணில குதிச்சு நீந்தவா? அவ அங்க அவ வேலையைப் பாக்குறா." விரிப்பின் இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினார். அவர் கை நடுங்கியது துணி வழியாக எனக்கு வந்தது. "வயித்துல கல்லு கணக்கா இருக்கு தம்பி. ஏறும், இறங்கும்னாங்க. காலைலேருந்து ஏறிக்கிட்டேதான் இருக்கு. இருக்கட்டும். நீங்க பிடிங்க."

நான் பிடித்தேன். எனக்கு மடிக்கத் தெரியாது. அவர் கண்ணாலேயே காட்டினார். நான் நடந்தேன், அவர் நடந்தார், கைகள் தொட்டன, விலகினோம். இன்னொன்று. மறுபடி இன்னொன்று. வெள்ளை விரிந்து விரிந்து மடிந்தது. எத்தனை நேரம் என்று தெரியாது. எங்கோ நடுவில் அவர் கை நடுக்கம் நின்றிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் அடுத்த விரிப்பை எடுத்தேன்.

நாலரைக்கு அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார் என்று தெரியும். நான் என் வேலை முடிந்து ஐந்தே காலுக்கு வீட்டு வாசலுக்கு வந்தபோது, கணவனும் மனைவியும் எதிரே பனியிலிருந்து வெளிப்பட்டார்கள். அக்காவின் கை அவர் கையில் கோத்திருந்தது. அக்கா என்னிடம் கண்ணைச் சிமிட்டினார். அதற்குள் கதவு உள்ளேயிருந்து திறந்தது.

வாலு சீருடையைக் கூடக் கழற்றவில்லை. சமையலறை நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பாத்திரத்திலிருந்த வேகவைத்த உருளைக்கிழங்கை ஆறினபடியே உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். நாலு நடையும் முடித்துவிட்டு வந்திருந்தாள். கடைசி நடையில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருந்ததாம்.

அப்பா எதிரில் உட்கார்ந்தார். கேட்க எத்தனையோ இருந்திருக்கும். ஒன்றே ஒன்று கேட்டார்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"ஒண்ணுமே தெரியலப்பா. முன்னாடி வெறும் வெள்ளை. படகு போகுதா நிக்குதான்னே தெரியல." ஒரு கிழங்கைக் கடித்தாள். "கை வேர்த்துச்சு. ரொம்ப பயந்துட்டேன்."

அவர் அசையவில்லை. "பயந்தியா? நீயா?"

"பின்னே? நான் உங்க பொண்ணுதானே."

"அப்புறம் என்ன பண்ணினே?"

"என்ன பண்றது, பயந்துகிட்டே ஓட்டினேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தூர ஊரில் தற்செயலாகத் தன் ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்துவிட்ட மனிதரின் முகம் அது. பிறகு எழுந்து கூடையிலிருந்து இன்னும் நாலு கிழங்கை எடுத்துக் கத்தியோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முதல்லேருந்து சொல்லு" என்றார், தோலைச் சீவிக்கொண்டே. "எந்த இடத்துல ரொம்பப் பயமா இருந்துச்சு?"